கருக்கலைப்பு உரிமை: தீர்ப்பு, ஹேஷ்டேக், நடுவில் ஓடும் வாரங்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சட்ட விழிப்புணர்வு முகாம்களில் பேசப் போய்வருகிறவள் நான். கருக்கலைப்பு பற்றிய சந்தேகத்தை மைக்கைப் பிடித்து யாரும் கேட்பதில்லை. கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடக்கும்போது ஒருத்தி மெதுவாகப் பக்கத்தில் வருவாள். இல்லையென்றால் இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில், 'தோழிக்காகக் கேட்கிறேன்' என்று ஆரம்பித்து ஒரு செய்தி வரும். 2022 ஜூனில், கருக்கலைப்பு உரிமையைப் பறித்த அமெரிக்கத் தீர்ப்பு வந்த பிறகு இந்தக் கேள்விகள் இரண்டு மடங்காகிவிட்டன.

கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை மட்டும் எடுத்துவிட்டேன்.

அக்கா, நம்ம நாட்டுல கருவைக் கலைக்கிறது குற்றமா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

ஒரே வார்த்தையில் சொன்னால் தப்பாகிவிடும். பொதுவான குற்றவியல் சட்டத்தில் அது இன்னும் குற்றம்தான். 1860-ன் இந்திய தண்டனைச் சட்டத்தில் 312-வது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 88-வது பிரிவாக இருக்கிறது. அதற்கு விதிவிலக்காக வந்ததுதான் 1971-ன் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம். பதிவு பெற்ற, உரிய பயிற்சியுள்ள மருத்துவர், அனுமதிக்கப்பட்ட இடத்தில், சட்டம் சொல்லும் காரணங்களுக்காகச் செய்தால் குற்றமில்லை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். 'எனக்கு வேண்டாம்' என்று பெண் சொன்னால் போதும் என்று சட்டத்தில் எங்கும் எழுதவில்லை. கர்ப்பம் தொடர்ந்தால் அவள் உடலுக்கோ மனதுக்கோ கடுமையான பாதிப்பு வரும் என்று டாக்டர் கருத வேண்டும். கருத்தடைச் சாதனம் பலிக்காமல் உண்டான கர்ப்பமாக இருந்தால் அந்த மனப் பாதிப்பை 20 வாரம் வரை சட்டமே ஏற்றுக்கொள்கிறது. ஆனாலும் சாவி டாக்டர் கையில்தான். கீழே வரும் பாதிச் சிக்கலுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

எத்தனை மாசம் வரைக்கும் பண்ணலாம்?

சட்டம் மாசத்தில் எண்ணுவதில்லை, வாரத்தில் எண்ணுகிறது. அதுவும் கடைசியாகத் தீட்டு வந்த முதல் நாளிலிருந்து. சேர்ந்திருந்த நாளிலிருந்து எண்ணிக்கொண்டு 'எனக்கு ஆறு வாரம்தான்' என்று வருபவர்களுக்கு ஸ்கேன் எட்டு வாரம் என்று காட்டும். அந்த இரண்டு வாரம் பல பேரைக் கவிழ்த்திருக்கிறது.

மாத்திரையால் செய்வது 9 வாரம் வரை. 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். 20-லிருந்து 24 வாரம் வரை இரண்டு டாக்டர்கள் வேண்டும், அதுவும் விதிகளில் சொல்லப்பட்ட சில பிரிவினருக்குத்தான்: பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்கள், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள், கர்ப்ப காலத்தில் விதவையானவர்கள் அல்லது விவாகரத்தானவர்கள், மாற்றுத்திறனாளிகள், இன்னும் சிலர். 24 தாண்டினால், கருவில் பெரிய கோளாறு இருக்கிறது என்று மருத்துவ வாரியம் சொல்ல வேண்டும். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் வாரக் கணக்கே கிடையாது. இந்த 24 வாரமும் 2021 திருத்தத்தில்தான் வந்தது. அதற்கு முன்னால் 20-தான்.

புருஷன் கையெழுத்து இல்லாம பண்ண மாட்டோம்னு ஆஸ்பத்திரியில சொல்றாங்களே?

சட்டத்தில் அப்படி இல்லை. 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் ஒன்றே போதும். 18-க்குக் கீழே இருந்தாலோ மனநல பாதிப்பு இருந்தாலோ மட்டும் பாதுகாவலரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். என்னிடம் கேட்காமல் என் மனைவி கலைத்துவிட்டாள் என்று ஒரு கணவர் இழப்பீடு கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். 2017 அக்டோபரில் அந்த மனு தள்ளுபடியானது.

ஆனாலும் கேட்கிறார்கள். இரண்டு பிள்ளைகளின் தாய் ஒருத்தி, கணவர் வெளியூரில் வேலை, ஒரு மருத்துவமனையிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். 'அவரு வந்து கையெழுத்துப் போட்டாத்தான்' என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் 'பிரிவு 3(4)' என்று எழுதிக்கொண்டு மறுபடி உள்ளே போகச் சொன்னேன். போனாள். நர்ஸ் அந்தச் சீட்டைப் பெரிய டாக்டரம்மாவிடம் கொண்டுபோனார். அரை மணி நேரத்தில் படுக்கை கிடைத்தது. அதற்கு முன்னால் பதினொரு நாள் அலைந்திருந்தாள்.

கல்யாணம் ஆகாத பொண்ணு போனா பார்ப்பாங்களா?

பார்க்க வேண்டும். பழைய சட்டத்தில் கருத்தடை தோல்வி என்ற காரணம் 'மணமான பெண்ணுக்கோ அவள் கணவருக்கோ' மட்டும் என்று இருந்தது. 2021-ல் அதை 'எந்தப் பெண்ணுக்கும் அல்லது அவள் துணைக்கும்' என்று மாற்றினார்கள். 20 வாரத்துக்குள் இருந்தால் தாலி பற்றிய பேச்சே சட்டத்தில் இல்லை.

20–24 வாரத்தில்தான் ஓட்டை இருந்தது. மணிப்பூரைச் சேர்ந்த 25 வயதுப் பெண் ஒருவர் டெல்லியில் இருந்தார். கல்யாணம் செய்துகொள்வதாகச் சொன்னவர் கைவிட்டார். விதிப் பட்டியலில் 'விதவை, விவாகரத்து' இருக்கிறது, மணமாகாதவர் இல்லை என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2022 ஜூலை 15 அன்று அனுமதி மறுத்தது. அவருக்கு 24 வாரம் முடிந்ததும் அதே ஜூலை 15. ஆறு நாள் கழித்து உச்ச நீதிமன்றம் இடைக்கால அனுமதி கொடுத்தது. பிறகு 2022 செப்டம்பர் 29 அன்று நீதிபதிகள் சந்திரசூட், போபண்ணா, பர்திவாலா அமர்வு விரிவான தீர்ப்பு எழுதியது: மணமானவர், ஆகாதவர் என்று பிரிப்பது அரசியல் சாசனத்தின் சமத்துவத்துக்கு எதிரானது. அந்த ஒரு பெண் நீதிமன்றப் படி ஏறியதால் அவருக்குப் பின்னால் வரும் எல்லாருக்கும் கதவு திறந்தது.

அமெரிக்காவுல தடை பண்ணிட்டாங்க. இங்கயும் வந்துருமா?

வராது. அவர்கள் நீதிமன்றம் சொல்வது இங்கே யாரையும் கட்டுப்படுத்தாது. நம்முடைய சட்டம் நாடாளுமன்றம் 1971-ல் இயற்றியது. கருக்கலைப்பை அமெரிக்காவில் உரிமையாக்கிய ரோ எதிர் வேட் தீர்ப்பு வந்ததோ 1973 ஜனவரியில். நாம் யாரையும் பார்த்து எழுதவில்லை. சாந்திலால் ஷா குழு என்று ஒன்று 1964-ல் அமைக்கப்பட்டு, கள்ளத்தனமான கருக்கலைப்பில் பெண்கள் சாவதைப் பார்த்து, 1966-ல் அறிக்கை கொடுத்தது. அதன் வழியாக வந்த சட்டம் இது.

அம்பது வருஷம் இருந்த உரிமை ஒரே நாள்ல எப்படிப் போகும்? கோர்ட் சொன்னா சொன்னதுதானே?

கோர்ட் சொன்னதால் வந்தது, கோர்ட்டே சொன்னதால் போனது. அமெரிக்க அரசியல் சாசனத்தில் கருக்கலைப்பு என்ற சொல்லே கிடையாது. 'சுதந்திரம்' என்ற சொல்லுக்குள் இதுவும் அடங்கும் என்று 1973-ல் ஏழு நீதிபதிகள் வாசித்தார்கள். 1992-ன் கேஸி வழக்கில் அதைச் சுருக்கி, ஆனாலும் காப்பாற்றினார்கள். அந்த வாசிப்பை நாடு முழுமைக்குமான சட்டமாக அவர்கள் நாடாளுமன்றம் எழுதிவைக்கவே இல்லை. மிசிசிப்பி மாநிலத்தின் 15 வாரத் தடையை எதிர்த்த டாப்ஸ் வழக்கில் 2022 ஜூன் 24 அன்று ஐந்து நீதிபதிகள் வேறு மாதிரி வாசித்தார்கள். ரோ விழுந்தால் உடனே தடை வர வேண்டும் என்று 13 மாநிலங்கள் முன்கூட்டியே சட்டம் எழுதித் தயாராக வைத்திருந்தன. அன்று காலை கிளினிக் வரவேற்பறையில் காத்திருந்த பெண்களைச் சில மாநிலங்களில் அப்படியே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இதைப் பார்த்துப் பதறிய நாடு பிரான்ஸ். நீதிபதிகள் மாறினாலும் மாறாதபடி 2024 மார்ச் 4 அன்று 780-க்கு 72 வாக்கில் அரசியல் சாசனத்திலேயே எழுதிவிட்டார்கள். நமக்கு இரண்டு கால்கள் இருக்கின்றன. ஒன்று 1971-ன் சட்டம். இன்னொன்று, பிள்ளை பெறுவதும் பெறாமல் இருப்பதும் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2009-ல் சுசிதா ஸ்ரீவஸ்தவா வழக்கில் சொன்னது. அந்த வழக்கில் அரசு இல்லத்தில் இருந்த பெண் பிள்ளையைப் பெற்றுக்கொள்ள விரும்பினார். வேண்டாம் என்று சொல்லும் பெண்ணுக்காகப் பேசுகிறவர்கள் பலருக்கு இது தெரியாது. உரிமை இரண்டு பக்கமும் ஓடுகிறது. கட்டாயப்படுத்திக் கலைப்பதும் அதே அளவு தப்பு.

ஹேஷ்டேக் போட்டு எந்த நாட்டுலயாவது சட்டம் மாறியிருக்கா?

ஹேஷ்டேக் மட்டும் போட்டு எங்கேயும் மாறவில்லை. அது கூட நின்றதால் மாறியிருக்கிறது. அயர்லாந்தைச் சொல்கிறேன். 1983-ல் அவர்கள் சாசனத்தின் எட்டாவது திருத்தம் தாயின் உயிரையும் கருவின் உயிரையும் சமமாக வைத்தது. கலைக்க வேண்டியவர்கள் ரகசியமாக இங்கிலாந்துக்குப் போனார்கள். 2016 ஆகஸ்டில் இரண்டு பெண்கள் டப்ளினிலிருந்து மான்செஸ்டருக்கு விமானம் ஏறி, போகிற வழியெல்லாம் ட்விட்டரில் எழுதினார்கள். விமான நிலையம், டாக்ஸி, கிளினிக்கில் காத்திருக்கும் நாற்காலிகள். ஒவ்வொரு பதிவிலும் தங்கள் பிரதமரின் கணக்கைக் கோத்தார்கள். முழக்கம் எதுவும் இல்லை, ஒரு பயணக் குறிப்பு. வீட்டை விட்டு 48 மணி நேரம். எத்தனையோ பெண்கள் தனியாகப் போய்வந்த பாதையை நாடே உட்கார்ந்து பார்த்தது.

அதோடு நிற்கவில்லை. 99 சாதாரணக் குடிமக்களைக் கொண்ட ஒரு பேரவை மாதக்கணக்கில் உட்கார்ந்து கேட்டுத் திருத்தத்தை மாற்றப் பரிந்துரைத்தது. 2018 மே 25 அன்று வாக்கெடுப்பு. 'ஹோம் டு வோட்' என்ற ஹேஷ்டேக்கோடு வெளிநாட்டில் இருந்த ஐரிஷ்காரர்கள் விமானத்திலும் கப்பலிலும் ஊர் திரும்பி வாக்களித்தார்கள். 66.4 சதவீதம் பேர் திருத்தத்தை நீக்கச் சொன்னார்கள்.

அர்ஜென்டினாவில் போராடியவர்களின் அடையாளம் பச்சைத் துண்டு. 2018-ல் செனட்டில் 38 பேர் எதிர்த்து மசோதா தோற்றது. 2020 டிசம்பர் 30 அன்று 38 பேர் ஆதரித்து அதே செனட்டில் 14 வாரம் வரை அனுமதிக்கும் சட்டம் நிறைவேறியது. நடுவில் இரண்டு வருடத்துக்கு மேல் தெருவிலும் போனிலும் விடாமல் பேசினார்கள். ஆனால் போலந்தையும் சொல்ல வேண்டும். அங்கே 2020 அக்டோபரில் அரசியல் சாசனத் தீர்ப்பாயம் கருவில் கோளாறு இருந்தாலும் கலைக்கக் கூடாது என்றது. லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். போராட்டத்தின் அடையாளமான சிவப்பு மின்னல் குறி எல்லார் முகப்புப் படத்திலும் இருந்தது. 2021 ஜனவரியில் தீர்ப்பு அப்படியே அமலுக்கு வந்தது.

அயர்லாந்துல செத்துப்போன சவிதா நம்ம நாட்டுப் பொண்ணுதானே? நம்மகிட்ட ஏன் அப்படி ஒரு போராட்டம் வரல?

ஆமாம், கர்நாடகத்தின் பெலகாவி. பல் மருத்துவர், 31 வயது. 17 வார கர்ப்பத்தில் கரு தங்காது என்று தெரிந்தும், இதயத்துடிப்பு இருக்கும்வரை கலைக்க முடியாது என்று கால்வே நகர மருத்துவமனையில் சொன்னார்கள். 2012 அக்டோபர் 28 அன்று ரத்தத்தில் கிருமி பரவி இறந்தார். அவர் கணவர் வெளிப்படையாகப் பேசினார். சவிதாவின் சிரித்த முகம் சுவரோவியமானது. மேலே சொன்ன வாக்கெடுப்பு நாளில் டப்ளினில் அந்த ஓவியத்தின் மேல் மக்கள் சிறு சிறு காகிதங்களில் எழுதி ஒட்டினார்கள்.

இங்கே வந்த மாற்றங்கள் வேறு வழியாக வந்தன. 2008-ல் மும்பைத் தம்பதி ஒருவர், கருவின் இதயத்தில் கோளாறு என்று 20 வாரம் தாண்டித் தெரிந்து உயர் நீதிமன்றம் போனார்கள். மறுத்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு பெண்ணாக ரிட் மனு போட்டுப் போட்டு, 13 வருடம் கழித்து 2021-ல் சட்டம் திருந்தியது. நம் போராட்டம் வழக்குக் கட்டுகளுக்குள் நடந்தது. அதில் முகம் கிடையாது, பெயருக்குப் பதிலாகப் பெரும்பாலும் 'எக்ஸ்' என்ற எழுத்துதான். முகமில்லாத ஒன்றின் பின்னால் கூட்டம் சேர்ப்பது கஷ்டம். ஆனால் அந்த எக்ஸ் இல்லாவிட்டால் பாதிப் பேர் நீதிமன்ற வாசலையே மிதித்திருக்க மாட்டார்கள். இதில் நான் எக்ஸின் பக்கம்.

அப்போ வழக்குப் போட்ட பொண்ணோட பேரைப் போட்டு ஷேர் பண்ணா தப்பா? ஆதரவாத்தானே போடுறோம்?

ஆதரவாகப் போட்டாலும் தப்பு. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-வது பிரிவில் குற்றம். இரண்டு வருடம் வரை சிறை. கருக்கலைப்புச் சட்டமும் 2021-லிருந்து டாக்டரின் வாயைக் கட்டியிருக்கிறது. சட்டப்படி அதிகாரமுள்ளவரைத் தவிர யாரிடம் பெயரைச் சொன்னாலும் ஒரு வருடம் வரை சிறை. பெயர் இல்லாவிட்டாலும் ஊர், கல்லூரி, வீட்டு வாசல் போட்டோ என்று சேர்த்தால் ஆள் தெரிந்துவிடும். வழக்கின் வாதத்தைப் பகிருங்கள். அவள் விவரத்தை விட்டுவிடுங்கள்.

பதினெட்டு ஆகாத பொண்ணைக் கூட்டிட்டுப் போனா டாக்டர் போலீஸ்ல சொல்லிடுவாங்களாமே?

பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி 18-க்குக் கீழே சம்மதத்தோடு நடந்தாலும் அது குற்றம்தான், டாக்டர் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். இந்தப் பயத்தில்தான் பெண்ணைப் பெற்றவர்கள் தெரியாத கைகளிடம் போகிறார்கள். மேலே சொன்ன 2022 செப்டம்பர் 29 தீர்ப்பு இதற்கு ஒரு வழி சொன்னது: சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், தகவல் கொடுக்கும்போது டாக்டர் அவள் பெயரையும் அடையாளத்தையும் சொல்ல வேண்டியதில்லை. இதைத் தெரியாத டாக்டர்களை நான் பார்த்திருக்கிறேன். தீர்ப்பின் தேதியைச் சொல்லிக் கேளுங்கள்.

புருஷன் கட்டாயப்படுத்தினா அது ரேப் கணக்குல வராதுன்னு சொல்றாங்க. அப்போ அப்படி வந்த கர்ப்பத்துக்கு என்ன வழி?

குற்றவியல் சட்டத்தில் மனைவிக்கு இன்னும் அந்தப் பாதுகாப்பு இல்லை. 2022 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் அந்த வழக்கு நடந்தபோது, அப்படி ஒரு சட்டம் வந்தால் கல்யாணமே செய்யமாட்டோம் என்று ஆண்கள் 'மேரேஜ் ஸ்ட்ரைக்' என்று ஹேஷ்டேக் ஓட்டினார்கள். இணையப் போராட்டம் என்றால் எப்போதும் நம் பக்கம்தான் இருக்கும் என்று நினைப்பவர்கள் அதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மே மாதம் இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள்.

ஆனால் கருக்கலைப்புக்கு மட்டும் 2022 செப்டம்பர் தீர்ப்பு தெளிவாகச் சொல்கிறது: விதிகளில் உள்ள 'வன்கொடுமை' என்பதில் கணவன் செய்ததும் அடங்கும். புகார், எஃப்.ஐ.ஆர் எதுவும் காட்ட வேண்டியதில்லை. அவள் சொன்னால் போதும்.

அப்படித் தீர்ப்புச் சொன்ன அதே நீதிபதி 2023-ல இன்னொரு அம்மாவுக்கு ஏன் மறுத்தார்?

இந்தக் கேள்விக்கு நான் ஒவ்வொரு முறையும் தயங்கித்தான் பதில் சொல்கிறேன். 27 வயது, இரண்டு பிள்ளைகள், சின்னதற்கு ஒரு வயதுதான். பிரசவத்துக்குப் பிந்தைய மனநோய்க்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பால் கொடுக்கும்போது தீட்டு வராமல் இருந்ததால் கர்ப்பம் என்றே தெரியவில்லை. அக்டோபர் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு பெண் நீதிபதிகள் அனுமதித்தார்கள். மறுநாள் எய்ம்ஸ் மருத்துவர் ஒருவர், கரு உயிரோடு பிறக்க வாய்ப்பிருக்கிறது, அதன் துடிப்பை நிறுத்த வேண்டுமா என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பினார். 11-ம் தேதி அதே இரண்டு நீதிபதிகளும் பிரிந்தார்கள். 16-ம் தேதி தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான மூவர் அமர்வு மறுத்தது. 24 வாரம் தாண்டிவிட்டது, கருவில் கோளாறு இல்லை, தாய் உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை என்பது காரணம்.

முதல் பதிலில் சொன்ன வேர் இதுதான். 2022 தீர்ப்பு 24 வாரத்துக்குள் யாரெல்லாம் வரலாம் என்பதை அகலப்படுத்தியது. 24 என்ற சுவரைத் தொடவில்லை. அந்தப் பெண் அங்கே எட்டு நாளில் ஆமாம், பொறு, இல்லை என்ற மூன்று பதிலையும் வாங்கினார். சட்டத்தின் எல்லைக்குள் அந்த முடிவை விளக்க முடியும் என்று எனக்குத் தெரியும். மருந்து சாப்பிடும் ஒருத்தியை அப்படி அலைக்கழித்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

கோர்ட்டுக்குப் போனா எத்தனை நாள் ஆகும்?

சில வழக்கு இரண்டு நாள், சிலது இரண்டு வாரம். 2023 ஆகஸ்டில் குஜராத்தில் வன்கொடுமைக்கு ஆளான பெண் ஒருவர் 26 வாரத்தை நெருங்கும்போது உயர் நீதிமன்றம் போனார். மருத்துவ வாரியத்தின் அறிக்கை 10-ம் தேதியே வந்துவிட்டது. வழக்கை 23-ம் தேதிக்குத் தள்ளிவைத்தார்கள். உச்ச நீதிமன்றம் சனிக்கிழமை, விடுமுறை நாளில் கூடி, ஒவ்வொரு நாளும் முக்கியமான வழக்கில் இப்படி வாய்தா போடலாமா என்று கண்டித்து, 21-ம் தேதி அனுமதி கொடுத்தது. சொத்து வழக்குக்குப் போடுகிற மாதிரி வாய்தா போட்டால் வயிறு காத்திருக்குமா?

போக வேண்டியிருந்தால் வருமானம் பார்க்காமல் எல்லாப் பெண்களுக்கும் இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். 20 வாரத்துக்குள் இருந்தால் கோர்ட்டே தேவையில்லை. 'எதுக்கும் ஆர்டர் வாங்கிட்டு வாங்க' என்று டாக்டர் சொன்னால், அடுத்த டாக்டரிடம் போங்கள்.

இவ்வளவு சுலபமா குடுத்தா பெண் குழந்தையைத்தானே அழிப்பாங்க? உசிலம்பட்டி மறந்துபோச்சா?

மறக்கவில்லை. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் ஆரம்பிக்க வேண்டியிருந்த மாநிலத்தில் இந்தப் பயம் நியாயமானது. ஆனால் அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. 1994-ன் சட்டம் ஆணா பெண்ணா என்று பார்ப்பதையும் சொல்வதையும் தடுக்கிறது. குற்றம் அங்கே, ஸ்கேன் அறையில். இரண்டையும் குழப்பி, 12 வாரத்தில் வரும் பெண்ணைக் கூடச் சந்தேகமாகப் பார்ப்பதால் அவள் வேறு கதவைத் தேடுகிறாள். பெண் குழந்தை அதனால் பிழைப்பதில்லை.

இதிலும் நீதிமன்றமும் இணையமும் மோதியிருக்கின்றன. பாலினம் பார்க்கும் விளம்பரங்கள் தேடுபொறிகளில் வருகின்றன என்று 2008-ல் போடப்பட்ட பொதுநல வழக்கில் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றையும் நிறுத்தி, அவற்றைத் தடுக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அது 2017 வரை நடந்தது.

ஆன்லைன்ல மாத்திரை கிடைக்குதே, வாங்கிக்கலாமா?

டாக்டர் சீட்டு இல்லாமல் விற்பது சட்டப்படி தப்பு. ஆனாலும் நடப்பது என்ன என்று மறைக்க மாட்டேன். 2015-ல் இந்தியாவில் நடந்த கருக்கலைப்புகள் 1.56 கோடி என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. அவற்றில் சுமார் 73 சதவீதம் மருத்துவமனைக்கு வெளியே, மாத்திரையால் நடந்தவை. மாத்திரை நல்ல மருந்துதான். ஆபத்து, வாரம் தெரியாமல் போடுவதிலும், கரு குழாயில் தங்கியிருப்பது தெரியாமல் போடுவதிலும் இருக்கிறது. அதனால் ஒரு முறையாவது டாக்டரைப் பாருங்கள். ஏற்கெனவே போட்டுவிட்டு ஒரு மணி நேரத்தில் இரண்டு பேடு நனைகிற மாதிரி உதிரம் போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, மயக்கமோ கடும் வயிற்று வலியோ வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. வெட்கப்பட்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

நான் போன்ல தேடினது, மெசேஜ் பண்ணது எல்லாம் போலீஸுக்குப் போகுமா?

அமெரிக்காவில் போயிருக்கிறது. நெப்ராஸ்காவில் 2022-ல் ஒரு தாயும் மகளும் மாத்திரை பற்றி முகநூல் மெசஞ்சரில் பேசியதைப் போலீஸ் வாரண்டோடு மெட்டாவிடம் வாங்கி வழக்கில் சேர்த்தது. இங்கே முதல் எதிரி போலீஸ் இல்லை, வீட்டில் இருக்கும் கண்கள். போனைப் பிடுங்கிப் பார்க்கும் அண்ணன், மாமியார், கணவன். தேடியதை அழித்துவிடுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப் இருக்கிற போனில் படம் எடுக்காதீர்கள்.

அப்போ நாங்க ரீல்ஸ், பதிவு போடுறதெல்லாம் வேஸ்ட்டா?

வேஸ்ட் இல்லை, எதைப் போடுகிறோம் என்பதுதான் விஷயம். டாப்ஸ் தீர்ப்பு வந்த சில நாளில் செய்தி நிறுவனம் ஒன்று முகநூலில் சோதித்தது. 'முகவரி கொடுத்தால் கருக்கலைப்பு மாத்திரை அனுப்புகிறேன்' என்று போட்ட பதிவு ஒரு நிமிடத்தில் நீக்கப்பட்டது. மாத்திரை என்ற இடத்தில் துப்பாக்கி என்று மாற்றிப் போட்டார்கள். அது நீக்கப்படவில்லை. அந்த மேடைகள் நம்முடையவை என்று நம்பி எல்லாவற்றையும் அங்கேயே வைக்கக் கூடாது.

ஆனாலும் பலித்ததைப் பார்த்திருக்கிறோம். 2021-ல் டெக்சாஸில், கலைக்க உதவியவர்களைக் காட்டிக்கொடுக்க ஒரு குழு இணையதளம் திறந்தது. டிக்டாக்கில் இருந்த பிள்ளைகள் பொய்த் தகவல்களாகக் கொட்டி அதை மூழ்கடித்தார்கள். பிறகு அதைத் தாங்கிய நிறுவனமே தளத்தை வெளியேற்றியது. நம் ஊருக்கு வேண்டியது இன்னும் சாதாரணம்: 'கணவர் கையெழுத்து வேண்டாம், பிரிவு 3(4)' என்று ஒரு நிமிட ரீல். கோபமான பத்துப் பதிவை விட அது அதிகம் கைமாறும். ஒரு பெண் அதைக் கவுண்டரில் காட்டலாம்.

இன்னைக்கு ஒரு பொண்ணு உங்ககிட்ட வந்து நின்னா முதல்ல என்ன கேட்பீங்க?

கடைசியாக எந்தத் தேதி தீட்டு வந்தது என்று. யார், எப்படி, ஏன் எதுவும் கேட்பதில்லை. காலண்டரைத் திருப்பி அவளையே விரல் வைத்து எண்ணச் சொல்வேன். ஒன்பதுக்குள் இருக்கிறாளா, இருபதுக்குள்ளா, தாண்டிவிட்டாளா என்று தெரிந்த பிறகுதான் எந்தத் தீர்ப்பு அவளுக்கு உதவும் என்றே சொல்ல முடியும். ஞாபகமில்லை என்றால் அன்றைக்கே ஸ்கேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தாலும் திங்கட்கிழமை வரை தள்ளிவைக்க மாட்டேன்.